டேப்பின் மறுமுனை

"உள்ள டேப் பிடிச்சு அளந்து பாக்கணும்."

அவள் சொல்லி முடித்ததும் வாசலில் நின்ற மூன்று ஆண்களும் ஒரே நேரத்தில் வாயடைத்துப் போனார்கள். அப்பா தரையைப் பார்த்தார். தரகர் அவளை முறைத்தார். மழை மேகம் கட்டி நின்ற மத்தியானத்திலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத ஆள் அவர். அவள் மனசுக்குள் அவருக்குக் கூலிங்கிளாஸ் என்றே பெயர் வைத்திருந்தாள். வீட்டுக்காரர் மட்டும் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. எப்போதோ வரவேண்டிய பஸ் கடைசியில் வந்துவிட்டதைப் பார்ப்பவர்போல அவளைப் பார்த்தார்.

வரும் வழியெல்லாம் காரின் முன்சீட்டில் இருந்தபடி கூலிங்கிளாஸ் இதைத்தான் ஓதிக்கொண்டு வந்தார். "கூரை மேல ஏறிப் பாருங்க. தரையைத் தோண்டிப் பாருங்க. விலையை என் தலையில அடிச்சுக் கேளுங்க, வாங்கித் தர்றேன். உள்ளே அளவு எடுக்கணும்னு மட்டும் அந்தப் பெரியவர்கிட்ட கேட்டுடாதீங்க. அது ஒண்ணுதான் அவருக்கு ஆகாது. கேட்ட பார்ட்டியை எல்லாம் அப்படியே திருப்பி அனுப்பிட்டாரு." அப்பா முழங்கையால் அவளை இடித்தார். "கேட்டுச்சா? உன்னைத்தான் சொல்றாரு."

கேட்டது. அதனால்தான் கேட்டாள். ஒரு வீட்டில் எதைச் செய்யாதே என்கிறார்களோ அங்கேதான் ஓட்டை இருக்கும் என்பது கல்லூரியில் படித்தது இல்லை, கட்டட வேலையில் பட்டது. வெளிச்சுவரைச் சுற்றி அப்பாவும் அவளும் அளந்தபோது பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. முன்வாசலிலிருந்து பின்சுவர் வரை நாற்பத்திரண்டு அடி. நேரான சுவர். அஸ்திவாரம் இறங்கவில்லை, ஓடு பாதிக்கு மேல் நன்றாகவே இருந்தது, உத்திரத்தில் கரையான் இல்லை. பூச்சு உதிர்ந்ததையும் கதவுகள் உளுத்ததையும் கையிலுள்ளதை வைத்துச் சரிபண்ணிவிடலாம். இவ்வளவு நல்ல வீடு இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்றால் உள்ளே ஏதோ ஒன்று சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

யாரும் பேசாத அந்த நேரத்தில்தான் ஏதோ ஒன்று குறைகிறது என்று அவளுக்கு உறைத்தது. காற்று ஓடுகளுக்கடியில் புகுந்து வரும் சத்தம் இருந்தது. தூரத்தில் எங்கோ பம்ப்செட் ஓடுவது கேட்டது. கார் இஞ்சின் ஆறும் டிக் டிக் கேட்டது. ஆனால் இரண்டு வருஷமாக அவள் காதுக்குள் குடியிருக்கும் சத்தம் இல்லை.

அம்மா இருமவில்லை.

கதவருகே கூடத்துக்குள் கிடந்த மர நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பெரியவர்தான் வந்ததும் வராததுமாக "நீங்க உள்ள போய் உக்காருங்கம்மா" என்று அனுப்பியிருந்தார். நூல் மில்லின் பஞ்சுத் தூசி தின்றதுபோக மிச்சமிருந்த நெஞ்சு, கார் கண்ணாடியைத் திறந்தாலும் இழுக்கும், மூடினாலும் இழுக்கும். இப்போது அது அலட்டல் இல்லாமல் ஏறி இறங்கியது. அம்மா கண்ணை மூடி, தலையைச் சுவரில் சாய்த்து, ஒரு மனுஷி மூச்சு விடுவதைப்போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவள் அடுத்த இருமலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

"அளந்துட்டா எடுத்துக்கணும்," என்றார் பெரியவர்.

"எடுத்துக்கணும்னா? துணிக்கடையா இது, கிழிச்சப்புறம் வேணாம்னு சொல்லக் கூடாதுன்னு?"

கூலிங்கிளாஸ் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்று இருமிக்கொண்டார். "ஏய், வாயை மூடு," என்றார் அப்பா.

"நான் வீட்டைச் சொல்லலை, பாப்பா," என்றார் பெரியவர்.

"வேற எதைச் சொல்றீங்க?"

அவர் கூடத்துப் பக்கம் தலையைத் திருப்பினார். "எங்க வீட்டம்மாவுக்கும் இப்படித்தான் நெஞ்சுக் கோளாறு. டாக்டர் கையை விரிச்சுட்டாரு. இங்க வந்த அன்னைக்கே இருமல் நின்னுச்சு."

"இப்ப அவங்க எங்க?"

"நல்லா மூச்சு விடறா," என்றார்.

எங்கே என்று கேட்டால் எப்படி என்று சொல்கிறாரே என்று அவள் நினைத்தாள். வயசானவர், மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ விட்டிருப்பார், அதைச் சொல்லக் கூச்சம் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். அவர் இந்த வீட்டுக்குள் இருப்பதில்லை என்பது பார்த்த உடனே தெரிந்தது. வாசலுக்குப் பக்கவாட்டில் தகரம் வேய்ந்த ஷெட் ஒன்று இருந்தது. அதில் கட்டில், ஸ்டவ், இரண்டு சட்டை. வீட்டை விற்றாலும் அவர் அந்த ஷெட்டிலேயே இருந்துகொள்வார், அது ஒன்றுதான் நிபந்தனை என்று கூலிங்கிளாஸ் சொல்லியிருந்தார். கட்டில் காலிலிருந்து ஒரு கொடிக்கயிறு புறப்பட்டு, முற்றத்தைத் தாண்டி, வீட்டின் கடைசி அறை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே போயிற்று. துணி காயப்போடுகிற கயிற்றை யாராவது ஜன்னலுக்குள் விடுவார்களா? அதில் ஒரு துணிகூட இல்லை. கட்டிலை ஒட்டிய பாகம் மட்டும், நாள் முழுக்க யாரோ உருவிக்கொண்டே இருந்ததுபோல மழுங்கி மினுங்கியது.

"அளக்காம எடுத்துக்கோ," என்றார் பெரியவர். "இல்லேன்னா அம்மாவைக் கூட்டிக்கிட்டு இப்பவே கிளம்பிடு. ரெண்டுல ஒண்ணு. நான் சொல்லிட்டேன்."

கிளம்பி எங்கே போவது? டவுனில் சாயப்பட்டறைக்கு மேலிருக்கும் அந்த ஒற்றை அறையை இந்த மாசத்தோடு காலிசெய்யச் சொல்லியாயிற்று. ஒட்டுவாரொட்டி இல்லை, மில் தூசியால் வந்தது என்று டாக்டர் எழுதிக்கொடுத்ததை நீட்டினால், வீட்டுக்காரன் அதை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, "குழந்தைங்க இருக்கிற இடம்மா," என்றான். அதற்கப்புறம் பார்த்த வீடுகளில் சிலர் இருமலைக் கேட்டதுமே கதவைச் சாத்தினார்கள், சிலர் மரியாதையாகச் சாத்தினார்கள். டாக்டர் தலை நிமிராமல் சொன்னது ஒரே வாக்கியம். "வர்ற மழைக்காலத்தை இந்த ஊர்ல வச்சுத் தாண்ட முடியாது." அதனால்தான் ஊருக்கு வெளியே, யாருக்கும் வேண்டாத பழைய வீடாகப் பார்த்து, அப்பாவின் கையையும் அவள் படிப்பையும் போட்டு நிமிர்த்திவிடலாம் என்று தேடி அலைந்தார்கள். அந்த மழைக்காலம் இப்போது தலைக்கு மேலே கறுத்து நின்றது.

அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். சிவில் படித்த இந்தத் தலையால் இதுவரை அம்மாவுக்கு ஒரு மூச்சுகூட வாங்கித் தர முடியவில்லை. ஆபீசில் இன்னும் அவள் கொத்தனார் பொண்ணுதான். இந்த ஒரு விஷயத்திலாவது ஏமாறக் கூடாது.

"அளக்காம நான் ஒரு செங்கல்லைக்கூட எடுக்க மாட்டேன்."

பெரியவர் தலையாட்டினார். "சரி," என்றார். தலைச்சுமையை இறக்கிவைக்க இடம் கிடைத்தவர் குரல் அது. ஷெட்டை நோக்கி நடந்துபோனார்.

வீட்டின் அமைப்பு எளிது. முன்னால் கூடம். அதற்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறைகள், ரயில் பெட்டிகளைப்போல. கதவுகளெல்லாம் ஒரே நேர்கோட்டில். கரண்ட் எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது. கூடத்தில் நின்று பார்த்தால் ஒரு இருட்டுக்குள் இன்னொரு இருட்டு, அதற்குள் இன்னும் கெட்டியான ஒன்று.

முப்பது மீட்டர் ஃபைபர் டேப்பை அவள் எடுத்தாள். வட்டக் கூடும் சுற்றுகிற கைப்பிடியும் உள்ளது. அப்பா வழக்கம்போல வளையம் வைத்த முனையைப் பிடித்துக்கொண்டு முதல் அறைக்குள் போனார். அவர்களுக்குள் இதில் பேச்சே கிடையாது. கலவை மெஷின் ஓடுகிற இடத்தில் கத்தினால் கேட்காது என்பதால், சின்ன வயதிலிருந்து இழுப்புதான் பாஷை. முனையைப் பிடித்தவர் ஒரு தடவை இழுத்தால் 'வச்சாச்சு'. அளவைப் படித்தவள் இரண்டு தடவை இழுத்தால் 'விடு'. அவ்வளவுதான்.

மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின்மேல் முதலில் ஒன்றிரண்டாக விழுந்து, பிறகு மூட்டையைக் கிழித்துத் தானியத்தைக் கொட்டியதுபோல ஒரே இரைச்சலாகி, அந்த இரைச்சலுக்கடியில் வீடு தன் சத்தங்களையெல்லாம் மறைத்துக்கொண்டது. நனையாத சுண்ணாம்பின் பழைய வாசனையும், மூடிக்கிடந்த மரத்தின் புளித்த வாசனையும், அதற்கும் மேலே அம்மா நெஞ்சில் தேய்க்கும் தைலத்தின் வாசனையும் வந்தன. கூடத்தில் அம்மா இருக்கிறாள், அதனால் வருகிறது. அவள் அப்படித்தான் நினைத்தாள்.

ஒரு இழுப்பு வந்தது. டேப் அவள் இடுப்பு மட்டத்தில் விறைத்து நின்றது. அப்பா எப்போதும் முனையை இடுப்பு உயரத்தில்தான் பிடிப்பார். சாரத்திலிருந்து விழுந்த பிறகு அவரால் குனிய முடியாது. அளவைப் படித்தாள். பன்னிரண்டரை. இரண்டு தடவை இழுத்துவிட்டு, போனைத் திறந்து எண்ணைக் குறித்துக்கொண்டாள். அந்த அறையின் இருட்டிலிருந்து அப்பா ஏதோ சொன்னார். மழை அதைத் தின்றுவிட்டது. பக்கவாட்டுக் கதவு ஒன்று காற்றில் அடித்துச் சாத்திக்கொண்டது.

கூடத்தில் அம்மா ஒரே ஒரு தடவை இருமினாள்.

அவள் முதல் அறையைக் கடந்து அடுத்த வாசல்நிலைக்கு வந்தபோது, டேப் முன்னாலேயே இரண்டாவது அறைக்குள் போய்க்கொண்டிருந்தது. கூட்டிலிருந்து சரசரவென்று உருவியது. அப்பாவுக்கு இன்றைக்கு என்ன அவசரம்? வேலையை முடித்து அவளை அந்தப் பெரியவரிடமிருந்து சீக்கிரம் அப்புறப்படுத்தப் பார்க்கிறார்போல. டேப் நின்றது. ஒரு இழுப்பு.

குனிந்து எண்ணைப் பார்த்தவள், டேப்பின் சாய்வைப் பார்த்தாள். அவள் கையிலிருந்து கீழ்நோக்கிப் போயிற்று. முன்னே போகப்போக இன்னும் கீழே. எதிர்ச்சுவரில் அது தரையை ஒட்டி முடிந்திருக்க வேண்டும். பிடித்திருப்பவர் படுத்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

"கீழ வைக்காதீங்கப்பா, இடுப்புப் பிடிச்சுக்கப் போகுது."

பதில் இல்லை. மழைதான். தைல வாசனை இங்கே கூடத்தைவிட அதிகமாக இருந்தது. அம்மாவை விட்டுத் தள்ளி வந்திருக்கிறாளே, குறையத்தானே வேண்டும்? வாசனையோடு, வெந்நீரில் மருந்தைப் போட்டுப் போர்வைக்குள் ஆவி பிடித்த அறையின் அந்த ஈரச் சூடும் கலந்திருந்தது. இரண்டு தடவை இழுத்தாள்.

கூடத்தில் அம்மா இருமத் தொடங்கினாள். ஒன்று, தொடர்ந்து இன்னொன்று, பிறகு அந்த நீண்ட விசில்.

"தண்ணி குடிம்மா! பாட்டில் பையில இருக்கு!"

பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணைக் குறித்தாள். கூடத்தை உள்ளே வந்தபோதே காலடியால் அளந்தாயிற்று. எல்லாச் சுவரின் கனத்தையும் சேர்த்தாயிற்று. நாற்பத்திரண்டில் இன்னும் மிச்சம் ஒன்பது அடி. அதுதான் கடைசி அறை. அதை முடித்தால் போதும். வெளியே போய் அந்தப் பெரியவர் முகத்துக்கு நேராக, உங்க வீட்டுல ஒரு ஓட்டையும் இல்லையே, எதுக்கு இவ்வளவு நாடகம் என்று கேட்டுவிடலாம்.

கடைசி அறையின் வாசல்நிலையில் வந்து நின்றாள். டேப் அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

இரண்டாவது அறைக்குப் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் இருந்தது. ஒரு சட்டம் உடைந்த ஜன்னல். காற்றுக்கு அது திறந்துகொண்டது, சாரல் அவள் தோளில் அடித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே கிணற்றடியில் கூலிங்கிளாஸ் குடை பிடித்திருந்தார். குடைக்கடியில் ஒருவர், இரண்டு கையாலும் கயிற்றை இழுத்து வாளியை மேலே கொண்டுவந்து, தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

அப்பா.

அவள் கையில் டேப் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கூப்பிடவில்லை. முதல் அறையில் அப்பா சொன்னது இதுதான்: நான் கிணத்தைப் பாத்துட்டு வர்றேன். சொல்லிவிட்டு முனையை இருட்டில் கீழே வைத்துவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போயிருக்கிறார். அவள் இரண்டு தடவை இழுத்து 'விடு' என்று சொல்லிவிட்டாள், அவர் விட்டுவிட்டார். வேறொரு வேலைக்காரக் குடும்பமாக இருந்தால் ஒருத்தரையொருத்தர் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்.

கைப்பிடி தானாகச் சுழன்றது. மெதுவாக. பிறகு கொஞ்சம் வேகமாக. பத்து அடி. பதினைந்து. ஒன்பது அடி அறைக்குள் டேப் இருபதைத் தாண்டிப் போயிற்று. முப்பது. அது இழுபடவில்லை, யாரோ பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள், இல்லை, நடக்கவில்லை, டேப் தரையோடு தரையாக அல்லவா போகிறது. நாற்பது. வீட்டின் மொத்த நீளமும் முடிந்தது. இன்னும் போயிற்று.

போனில் டார்ச்சைப் போட்டாள். வெளிச்சம் முதலில் கூரையில் விழுந்தது. பிறகு சுவர்.

எதிர்ச்சுவர் தெரிந்தது. ஒன்பது அடியில். பச்சைச் சுண்ணாம்பு, இடது மூலையில் ஜன்னல், ஜன்னல் இடுக்கில் அந்தக் கொடிக்கயிறு. அறை காலி. கட்டில் இல்லை, பெட்டி இல்லை. மறைய ஒரு இடம் இல்லை.

டேப் சுவரோடு நிற்கவில்லை.

ஐம்பத்தெட்டில் நின்றது. ஒரு இழுப்பு.

'வச்சாச்சு.'

போட்டுவிட்டு ஓடு. கால் கேட்கவில்லை. விரல் கேட்கவில்லை. பதினைந்து வருஷப் பழக்கம் மட்டும் கேட்டது. அவள் விரல்கள் தாமாகவே இரண்டு தடவை இழுத்தன. விடு. விடு.

கூடத்தில் நாற்காலி சரிந்தது. அம்மாவிடமிருந்து வந்தது இருமல் இல்லை. இருமுவதற்குக்கூடக் காற்று இல்லாதவர்கள் போடும் சத்தம். அந்தச் சத்தத்தை அவள் போன மாசம் ஒரு தடவை கேட்டிருக்கிறாள், ஆம்புலன்சில், உதடு நீலம் பாரித்தபோது. "அம்மா!" என்று திரும்பினாள். திரும்பிய வேகத்தில் டேப் சுண்டியது. ஒரே இழுப்பு.

சத்தம் நின்றது.

மூச்சு வந்தது. நீளமாக, நிதானமாக. கூடத்திலிருந்து.

அவள் அப்படியே நின்றாள். ஓட்டில் மழை. ஒரு தடவை நடந்தால் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படித்தான் படித்திருக்கிறாள். தன்னைத்தானே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. ஆனாலும் செய்தாள். பெற்ற தாயை வைத்துச் சோதனை செய்தாள். மெல்ல, இரண்டு இழுப்பு.

இருமல். விசில். நாற்காலிக் கால் தரையில் உரசுகிற சத்தம்.

ஒரு இழுப்பு.

அமைதி.

"என்னடி பண்றே அங்க?" அம்மாவின் குரல் கொஞ்சம் சலிப்போடு வந்தது. மூச்சிரைக்காமல் ஒரு முழு வாக்கியம். "இப்பதான் நல்லா இருந்துச்சு. சும்மா இருக்க மாட்டியா?"

டேப் இப்போது அவள் கையில் லேசாகத் தளர்ந்தது. விறைத்தது. தளர்ந்தது. விறைத்தது. கூடத்தில் அம்மாவின் நெஞ்சு ஏறும்போது விறைத்தது, இறங்கும்போது தளர்ந்தது.

அவள் கதவுத் தாழ்ப்பாளில் டேப்பை மாட்டிப் பார்த்தாள். இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சும் போட்டுக் கையை எடுத்தாள். கூடத்தில் விசில் ஆரம்பித்தது. அவிழ்த்துக் கையில் பிடித்தாள். நின்றது. இரும்பு வேண்டாமாம். மரம் வேண்டாமாம். ஆள் வேண்டும்.

ஜன்னல் இடுக்கில் கொடிக்கயிறு தொங்கியது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இழுத்துக் கட்டினாற்போல இருந்த கயிறு. அது இப்போது அங்குலம் அங்குலமாக உள்ளே நழுவி, சுவரடியில் சுருண்டு விழுந்தது. அவள் இரண்டாவது அறை ஜன்னலின் உடைந்த சட்டம் வழியாக முற்றத்தைப் பார்த்தாள். ஷெட்டின் கதவு திறந்து கிடந்தது. கட்டில் காலி. ரோட்டில், மழைக்குள், பெரியவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். கையில் குடை இல்லை, பை இல்லை, மாற்றுச் சட்டை இல்லை. ஒரு உள்ளங்கையை இன்னொரு கையால் தேய்த்துத் தேய்த்து விட்டுக்கொண்டே போனார். வீட்டைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

நான் வீட்டைச் சொல்லலை, பாப்பா.

நல்லா மூச்சு விடறா.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, வழக்கம்போல. யார்மேல் என்று தெரியாத கோபம். எச்சரித்துவிட்டுத்தான் போயிருக்கிறார், அதனால் அவர்மேலும் கோபப்பட முடியவில்லை. இரண்டு விரலால் காகிதத்தைப் பிடித்தவன்மேல், தலை நிமிராத டாக்டர்மேல், முப்பது வருஷம் அம்மாவின் நெஞ்சில் பஞ்சை அடைத்து அனுப்பிய மில்மேல். டவுன் முழுக்க ஏறி இறங்கியும் ஒருவரும் கொடுக்காத ஒன்றை இந்த இருட்டு கொடுக்கிறது. ஏன் கொடுக்கிறாய், யார் நீ என்று கேட்கிற இடத்தில் அவர்கள் இல்லை. கையை விட்டால் அம்மா இந்த மழையைக்கூடத் தாண்ட மாட்டாள். பிடித்தால் மூச்சு விடுவாள். எத்தனை நாள்? அந்தப் பெரியவரின் வீட்டம்மாவைப்போல? எங்கேயிருந்து?

அந்தக் கேள்வியை அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் விரல் தளரும்.

போன் டார்ச்சை அணைத்தாள். டேப் கூட்டை இடது கையில் இறுக்கிக்கொண்டாள். ஐம்பத்தெட்டின்மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். திரும்பினாள்.

நடந்தாள். இரண்டாவது அறை. நடக்க நடக்க டேப் கூட்டிலிருந்து உருவும் என்று நினைத்தாள். அப்படித்தானே ஆக வேண்டும்? ஒரு முனை அங்கே இருக்க, இன்னொரு முனை தள்ளிப் போனால் நீளம் கூடும். கைப்பிடி சுழலவில்லை.

முதல் அறை. கட்டை விரலுக்கடியில் பார்த்தாள். ஐம்பத்தெட்டு.

அவள் நடந்த தூரமெல்லாம் அதுவும் நடந்திருக்கிறது.

டேப் கீழ்நோக்கிச் சாயவில்லை. இடுப்பு மட்டத்தில், பின்னால், நேராக வந்தது. படுத்திருந்தது எழுந்துவிட்டது.

தைல வாசனை.

திரும்பாதே.

கூடம். அம்மா நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. அவளை அவ்வளவு அழகாக, அவ்வளவு இளமையாக மகள் பார்த்ததே இல்லை. அம்மா மகளைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். பிறகு அந்தப் பார்வை மகளின் தோளைத் தாண்டிப் பின்னால் போயிற்று. சிரிப்பு மாறவில்லை. கொஞ்சம் மரியாதையானது, அவ்வளவுதான், புதிதாகப் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்க்கும்போது வருமே, அதைப்போல.

அம்மா நீட்டியிருந்த காலை மடக்கி, சேலையை ஒதுக்கி, வழிவிட்டாள்.

வாசலில் மழைக்குள் அப்பாவும் கூலிங்கிளாஸும் வந்துகொண்டிருந்தார்கள். "தண்ணி இனிக்குது பாப்பா!" என்று அப்பா கத்தினார். "என்ன சொல்றே? முடிச்சிடலாமா?" கூலிங்கிளாஸ் ஷெட்டுப் பக்கம் எட்டிப் பார்த்து, "பெரியவர் எங்க போயிட்டாரு?" என்றார்.

அவள் வாசற்படியில் காலை வைத்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்பது கடைசி அறையிலேயே முடிவாகிவிட்டது.

"முடிச்சிடலாம்ப்பா," என்று சொல்லிக்கொண்டே மழைக்குள் இறங்கினாள். கட்டை விரலுக்கடியில் அதே ஐம்பத்தெட்டு.

பின்னால், கூடத்திலிருந்து, இருமல் கலக்காத குரலில், அம்மா யாரிடமோ சொன்னாள்:

"பாத்து வாங்க. படி கொஞ்சம் உயரம்."